“புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள்



ஆலய மண்டபத்தில் டியூஷன் வகுப்பு நடத்தும், அல்லது நடத்தலாமா என்று யோசிக்கும் நண்பர்களுக்காக இந்தக் கட்டுரை. நம் நாட்டில் இது புது விஷயம் அல்ல. டாக்டர் எம். தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தை நம்மில் பலருக்குத் தெரியும். அப்பா அம்மா காலத்தில் அங்கே படித்தவர்கள் நம் குடும்பங்களிலேயே இருப்பார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் முன்வந்து பாடம் சொல்லிக் கொடுப்பது, கல்வியையும் இறைநம்பிக்கையையும் சேர்த்தே வளர்ப்பது, பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போவது என்று அவர்கள் போட்ட பாதையில்தான் இன்று சின்னச் சின்ன வகுப்புகளும் நடக்கின்றன. நானும் அம்பாங்கில் அப்படி ஒரு சனிக்கிழமை வகுப்பில் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். படிப்பது பொறியியல், ஆசிரியர் பயிற்சி எதுவும் கிடையாது. நம்மில் பெரும்பாலோர் நிலைமை இதுதான். அதனால்தான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதைப் பற்றிக் கொஞ்சம் படித்துவிட்டுப் போவது நல்லது என்று நினைக்கிறேன்.

எங்கள் வகுப்புக்கு வருகிறவர்களில் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள் படிவம் 1 பிள்ளைகள். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் தமிழில் கணிதம் படித்துவிட்டு, ஒரே விடுமுறையில் மலாய்மொழிக்கு மாறுகிறார்கள். ஆண்டு 6-இல் வாய் ஓயாமல் பேசிய பிள்ளை, படிவம் 1-இல் கடைசி வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு தம்பியிடம் பின்னக் கணக்கைக் காட்டிக் கேட்டபோது அவன் சொன்னது: “பின்னம்னா தெரியும்ணா. இந்தப் பெச்சஹான்தான் என்னான்னு தெரியல.” இரண்டும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம். ஒரே ஒரு சொல் தெரியாததால் அந்தப் பிள்ளை பல வாரங்களாகக் கணிதப் பாடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறான். இப்படி ஒவ்வொரு சொல்லாக விட்டுப்போனால் படிவம் 3 வரும்போது “எனக்குக் கணக்கு வராது” என்று அவனே முடிவு கட்டிவிடுவான்.

இப்போது நாம் வழக்கமாகப் பாடம் நடத்தும் விதத்தைப் பாருங்கள். வெண்பலகையில் ஒரு கணக்கைப் போட்டு விளக்குகிறோம். திரும்பி “புரிஞ்சுதா?” என்கிறோம். மொத்த வகுப்பும் ஒரே குரலில் “புரிஞ்சுதுண்ணா!” என்கிறது. நமக்கும் திருப்தி, அடுத்த கணக்குக்குப் போகிறோம். பொறியியலில் இதற்கு ‘ஓப்பன் லூப்’ என்று பெயர். அறை எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்க்காமலே ஓடிக்கொண்டிருக்கும் ஏர்கோன் மாதிரி. அந்தக் கூட்டுக் குரலில் யாருக்குப் புரிந்தது, யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வாயசைத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. (தேவாரம் பாடப் பழகும்போது எல்லாரும் சேர்ந்து பாடுவது வேறு விஷயம். அங்கே சேர்ந்து சொல்லச் சொல்லத்தான் ராகமும் வரியும் மனதில் நிற்கும்.)

அப்படியானால் என்ன செய்யலாம்? குறிப்பாகக் கேட்க வேண்டும், அடிக்கடி கேட்க வேண்டும். “புரிஞ்சுதா” என்பதற்குப் பதிலாக, “இப்ப நான் சொன்னதைப் புத்தகம் பார்க்காம எழுது” என்று கேளுங்கள். இதனால் நமக்குத் தகவல் கிடைப்பதோடு, பிள்ளைக்கும் பாடம் மனதில் பதிகிறது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சின்னப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி வைத்து, ஞாபகம் உள்ளதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள்: 81 விழுக்காடு, மற்றவர்கள் 75. ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ். இரண்டு முறை படித்தவர்களுக்கு 42 விழுக்காடுதான் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. தேர்வுக்கு முதல் நாள் இரவு திரும்பத் திரும்பப் புரட்டுவது ஏன் அந்த நேரத்தில் திருப்தியாக இருக்கிறது, பிறகு ஏன் கைவிடுகிறது என்பதற்கு இதில் விடை இருக்கிறது. மஞ்சள் பேனாவால் புத்தகம் முழுக்கக் கோடு போடுகிற தங்கச்சிகளுக்கு நான் இந்த எண்களைத்தான் காட்டுவேன். எங்கள் வகுப்பில் முதல் பத்து நிமிடம் போன வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்வி, அதற்கும் முந்தைய மாதத்திலிருந்து ஒரு கேள்வி. மதிப்பெண் கிடையாது.

அந்த ‘மதிப்பெண் கிடையாது’தான் முக்கியம். கேள்வி கேட்பது நல்லது என்றவுடன் சிலர் ஒரு பிள்ளையை எழுப்பி நிற்க வைத்து, தெரியவில்லை என்றால் “இது கூடத் தெரியாதா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதே கேள்விதான், ஆனால் பலன் வேறு. பயந்த மனதில் கணக்குப் போட இடம் இருக்காது. இதை ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. கணிதப் பயத்தை ஆராய்ந்த ஆஷ்கிராஃப்ட், கெர்க் இருவரும் 2001-இல் காட்டியது இதைத்தான். கணக்குப் போடும்போது இடைப்பட்ட எண்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் நினைவாற்றல் நமக்கு உண்டு. பயம் அதிகமாக இருப்பவர்களுக்குக் கவலையே அந்த இடத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. மீதி இருக்கும் இடத்தில் அவர்கள் கணக்கைப் போட வேண்டியிருக்கிறது. ஆக, பிள்ளையை அவமானப்படுத்திவிட்டு அவனிடம் விடையை எதிர்பார்ப்பதில் அர்த்தமே இல்லை. பிள்ளையின் மன நலம் வேறு, படிப்பு வேறு என்று பிரித்துப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதற்கு எங்களிடம் இருக்கும் கருவி மிகச் சாதாரணமானது. ஏ4 தாளை லாமினேட் செய்து ஆளுக்கு ஒன்று, கூடவே ஒரு வெண்பலகைப் பேனா. கேள்வி கேட்டதும் எல்லாரும் எழுதி, “காட்டு” என்றதும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். எல்லாரும் முன்னால் நிற்கும் அண்ணனைப் பார்ப்பதால், தனி ஒருவர் மாட்டிக்கொள்வதில்லை. நமக்கோ ஒரே பார்வையில் இருபது விடைகளும் தெரிந்துவிடும். தப்பாக எழுதியதைத் துணியால் துடைத்தால் போச்சு, சிவப்பு மை அடையாளம் எதுவும் நோட்டில் மிஞ்சாது.

இன்னொன்று, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்குக் கூட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். வகுப்பின் முன்னால் நின்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்! மலாய்மொழிக் கேள்வியைத் தமிழில் யோசித்து மறுபடி மலாய்க்கு மாற்றும் பிள்ளைக்கு அதுவும் போதாது என்பது என் கருத்து.

இப்படி வந்த விடைகளில் எனக்குப் பிடித்த தவறு ஒன்று உண்டு. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் பாதிப் பேர் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேல் எண்ணை மேலோடும் கீழ் எண்ணைக் கீழோடும் கூட்டிவிடுகிறார்கள். உடனே ‘சரியான முறை இது’ என்று பலகையில் எழுதத் தோன்றும். வேண்டாம். இப்படிக் கேளுங்கள்: “உன் தட்டுல அரை ரொட்டி சானாய் இருக்கு. இன்னும் மூணுல ஒரு பங்கு நான் வைக்கிறேன். இப்ப உன்கிட்ட இருக்கிறது அரையைவிடக் கூடுமா, குறையுமா?” கூடும் என்பார்கள். “ஐந்தில் ரெண்டு, அரையைவிடப் பெருசா சின்னதா?” இங்கேதான் ஓர் அமைதி வரும். யாராவது ஒரு பிள்ளை “ஐயோ, குறைஞ்சு போச்சுண்ணா” என்று சிரிக்கும். இதற்குப் பிறகு ஆறில் ஐந்து எப்படி வருகிறது என்று விளக்கினால் கேட்க எல்லாரும் தயாராக இருப்பார்கள். தவறான விடை அங்கே ஒரு பாடப்பொருளாக மாறிவிடுகிறது. யார் எழுதியது என்ற பேச்சே எழாது.

பிள்ளை எந்தப் படிவம் என்பதைவிட, எந்த இடத்தில் நிற்கிறான் என்பதைப் பார்த்துத் தொடங்குவதும் அவசியம். இந்தியாவில் ‘பிரதம்’ அமைப்பு மும்பையிலும் வதோதராவிலும் நடத்திய ‘பால்சகி’ திட்டத்தில், அந்தந்த வட்டாரத்துப் பெண்களே பின்தங்கிய பிள்ளைகளைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்துப் போய் அடிப்படை எழுத்தையும் எண்ணையும் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களும் நம்மைப் போல முழுமையான ஆசிரியப் பயிற்சி பெறாதவர்கள்தான். அந்தப் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். அதை அளந்து பார்த்த ஆய்வாளர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ இருவரும் பிறகு 2019-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் செய்ததில் நமக்கு வேண்டியது ஒன்றுதான்: வயதை விட்டுவிட்டு நிலையைப் பார்த்துக் குழு பிரிப்பது. ஆனால் ‘வீக் குரூப்’ என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள், அந்தப் பெயர் பிள்ளையோடு வீடு வரை போகும். எங்களிடம் ‘பின்ன மேசை’, ‘சமன்பாட்டு மேசை’ என்று தலைப்பின் பெயர்தான். சில வாரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். பின்ன மேசையில் படிவம் 3 மாணவனும் உட்காருவான்.

இதெல்லாம் மேல்நாட்டு ஆய்வு, நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலின் பாயிரத்தைப் புரட்டிப் பாருங்கள். நாமெல்லாம் இலக்கணப் பாடத்தில் பெயர் மட்டும் கேட்டுவிட்டு ஓடிவிட்ட நூல். அதில் பாடம் சொல்பவன் அவசரப்படக் கூடாது, கோபப்படக் கூடாது, மலர்ந்த முகத்தோடு, கேட்பவன் எந்த அளவு வாங்கிக்கொள்வான் என்று அறிந்து சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. கற்பவனைப் பற்றியும் ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசினால் இன்னொரு கால். மீதி அரை, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வருகிறது. இதைப் படித்த பிறகு எங்கள் இரண்டு மணி நேர வகுப்பில் நாங்கள் பேசும் நேரத்தை நான் கடிகாரம் வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தைத் தாண்டினால் அதிகம்.

நம் சமய நூல்களிலும் கேள்விக்கு இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். பிரச்ன உபநிடதத்தில் பிப்பலாத முனிவரிடம் ஆறு பேர் வருகிறார்கள். அவர் உடனே உபதேசத்தைத் தொடங்கவில்லை. ஒரு வருடம் என்னோடு இருங்கள், பிறகு வேண்டியதைக் கேளுங்கள், எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன் என்கிறார். ‘தெரிந்தால்’ என்று ஒரு முனிவரே சொல்கிறார், நமக்கு மட்டும் எல்லாம் தெரிந்த மாதிரி நிற்க வேண்டிய அவசியம் என்ன? கீதையின் கடைசி அத்தியாயத்திலும், எல்லாம் சொல்லி முடித்த கண்ணன் அர்ஜுனனிடம், ஒருமித்த மனதோடு கேட்டாயா, உன் மயக்கம் தீர்ந்ததா என்று கேட்கிறான். அர்ஜுனன் தன் வாயால் பதில் சொன்ன பிறகுதான் அந்த உரையாடல் முடிகிறது.

நம்மால் முடியாததும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டுதான் வகுப்புக்குள் போக வேண்டும். ஒரு பிள்ளை தொடர்ந்து தூங்கி விழுந்தால் முதலில் சாப்பிட்டானா, எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று தனியாகக் கேளுங்கள். ஷிஃப்ட் வேலைக்குப் போகும் பெற்றோர் உள்ள வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது அவன்தான் என்று தெரியவரலாம். பூஜை முடிந்து வரும் சுண்டலைப் பாடம் முடிந்த பின் கொடுப்பதா, முன்பே கொடுப்பதா என்று எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது. முன்பே கொடுக்கிறோம், அதுதான் சரி. வீட்டில் அடி, துன்புறுத்தல், உயிர் வெறுத்த பேச்சு என்று ஏதாவது காதில் விழுந்தால் நாமே ஆலோசகராக மாறக் கூடாது. ரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்காமல், வகுப்புப் பொறுப்பாளரிடமும் பள்ளியின் ஆலோசக ஆசிரியரிடமும் கொண்டு போக வேண்டும். 15999 என்ற தாலியான் காசே எண்ணை மண்டபச் சுவரில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒட்டி வையுங்கள்.

பெற்றோர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, எம்பிள்ள எத்தனை மார்க்?” 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2022-இல் பி.டி.3 தேர்வும் நிறுத்தப்பட்டன. வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை தேர்ச்சி நிலை வருகிறது, அது பல பெற்றோருக்குப் புரியவில்லை. அதனால் ‘எங்க பிள்ளை எங்க நிக்குது’ என்ற கவலை கூடியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இப்போது தானாகச் செய்ய முடிவது என்ன, அடுத்துப் பழக வேண்டியது என்ன என்று இரண்டே வரி தமிழில் எழுதி வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறோம். ஓர் அம்மா அதைப் படித்துவிட்டு, “மூணாம் வகுப்போட நான் நின்னுட்டேன் தம்பி, ஆனா இதை நான் அவகிட்ட கேட்டுப் பார்க்கலாம்ல?” என்றார். தாராளமாகக் கேட்கலாம் என்றேன். பிள்ளை அம்மாவுக்கு விளக்கிச் சொன்னால், நன்னூல் சொன்ன அந்த மீதி அரைப் பங்கு வீட்டிலேயே நடந்துவிடும்.

அடுத்த மாதம் படிவம் 3 மாணவிகள் இரண்டு பேர் ஆண்டு 6 பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறார்கள். பின்னம், பெச்சஹான் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அட்டை தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியை விட்டுப் போவதற்கு முன்பே அந்தப் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் யோசனை.