குளம்தானே என்று படகு விடுகிறவர்களுக்கு

தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளக் கரையில் நின்றவர்களுக்குத் தெரியும், தெப்பம் எவ்வளவு நிதானமாக மைய மண்டபத்தைச் சுற்றிவரும் என்று. கரையிலிருந்து வடம் பிடித்து இழுப்பார்கள். 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது. அந்தக் காட்சியைப் பார்த்துப் பழகிய மதுரைக்காரருக்குத் தண்ணீர் என்றால் பயம் வருவதில்லை. கடல் தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது கண்மாயும் குளமும்தான். தோட்டத்துக் குளத்தில் குடும்பத்தோடு சுற்றிவரச் சின்ன ஃபைபர் படகு வாங்கியவரும், காசு வாங்கிக்கொண்டு சவாரி விடுகிறவரும் சொல்வது ஒன்றேதான்: "குளம்தானே, என்ன ஆயிடப் போகுது?" அந்தப் பேச்சுக்கு அடியில் கிடக்கும் நம்பிக்கைகள் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: கண்மாயில் இடுப்பளவு தண்ணீர்தான், விழுந்தாலும் எழுந்து நின்றுவிடலாம்.

கண்மாயின் தரை வீட்டுத் தரை அல்ல. கோடையில் வண்டலும் கரம்பையும் அள்ளிய குழிகள், தண்ணீர் நிறைந்ததும் கண்ணில் படாது. ஓர் அடி இடுப்பளவு, அடுத்த அடி தலைக்கு மேல். சேற்றில் கால் புதைந்தால் உதற உதற உள்ளே போகும். மடை திறந்திருந்தால் அதன் வாயருகே தண்ணீர் இழுக்கும். கலுங்கில் மறுகால் பாயும்போது படகையே அந்தப் பக்கம் கொண்டுபோகும். கண்மாய் வற்றிக் கிடக்கும்போது ஒரு தடவை நடந்து பார்த்துக் குழிகள் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். மடைக்கும் கலுங்குக்கும் கிட்டே படகு போகவே கூடாது.

நம்பிக்கை: பெரிய படகு, புதுப் படகு கவிழாது.

2009 செப்டம்பர் 30. தேக்கடியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தண்ணீரில் இறக்கி சில வாரங்களே ஆன இரண்டு தளப் படகு அது. விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்தது. இறந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. அந்தத் தேக்கடித் தண்ணீர்தான் முல்லைப் பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியே இறங்கி வைகை அணைக்கும் மதுரைக்கும் வருகிறது.

படகை நிமிர்த்தி வைப்பது அதன் வயதோ விலையோ அல்ல, ஏறியிருக்கும் எடை எங்கே இருக்கிறது என்பதுதான். உட்கார்ந்திருப்பவர் எழுந்தாலே எடை மேலே ஏறிவிடும். நான்கு பேர் செல்ஃபிக்காக ஒரே விளிம்பில் கூடினால் அந்த விளிம்பு தாழும். உள்ளே வந்த தண்ணீரும் அதே பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். அப்புறம் யோசிக்க நேரம் கிடைக்காது. ஆறு பேர் படகில் ஏழாவதாக ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாலும் அது ஏழு பேர்தான். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போன 22 பேர் இறந்ததும் படகு கவிழ்ந்துதான்.

நம்பிக்கை: எனக்குக் கிணற்று நீச்சல் தெரியும், லைஃப் ஜாக்கெட் எதற்கு?

கிணற்றில் நாம் குதிப்பது துண்டோடு, தயாராக. படகிலிருந்து விழுவது சேலையோடு, பேன்ட்டோடு, எதிர்பாராமல். ஆகாயத்தாமரைக் கொடி காலில் சுற்றினால் நல்ல நீச்சல்காரரும் திணறுவார். மூழ்குகிறவர் கத்திக் கூப்பிடுவார் என்று நம்பாதீர்கள். மூச்சு இழுக்கவே வாய் போதாது; கைகள் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கே தெரியாமல் ஒரு உயிர் போகும்.

ஒரு படகுத் துறையில் என் கையில் கொடுத்த ஜாக்கெட்டை இன்னும் மறக்க முடியவில்லை. ஆரஞ்சு நிறம் வெயிலில் வெளுத்து, ஒரு பக்கிள் உடைந்து, அந்த இடத்தில் சணல் கயிறு முடிச்சு. நகத்தால் கீறினேன், துணி நூல் நூலாகப் பிரிந்தது. உள்ளே நுரை இருந்தும் என்ன பயன்? மாட்டிக்கொண்டு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை வந்தால் தண்ணீரில் நீங்கள் கீழே நழுவுவீர்கள், ஜாக்கெட் மேலே மிதக்கும். குழந்தைக்குப் பெரியவர் அளவை மாட்டுவது மாட்டாததற்குச் சமம். தொடைக்கிடையே வார் உள்ள சின்ன அளவே வேண்டும்.

நம்பிக்கை: ஃபைபர் படகுக்குப் பராமரிப்பு தேவையில்லை.

மதுரைப் பக்கத்துப் படகு வருஷத்தில் பாதி நாள் வறண்ட கரையில் கிடக்கிறது. தண்ணீரைவிட வெயில்தான் அதற்கு எதிரி. மேல்பூச்சு சுண்ணாம்பாக உதிரும், மயிரிழை விரிசல் விழும். கவிழ்த்து, கட்டைகள் மேல் வைத்து, நிழலில் மூடுங்கள். இருக்கைக்கு அடியிலுள்ள காற்றறையை விரலால் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலித்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கலாம், கவிழ்ந்த படகை மிதக்க வைப்பது அந்த அறைதான். (கவிழ்ந்தால் கரைக்கு நீந்தாதீர்கள், மிதக்கும் படகைப் பிடித்துக்கொள்ளுங்கள்.) மோட்டார் இருந்தால் கோடைக்கு முன் பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை உறிஞ்சும். தரையில் வைத்து, குளிர்விக்கத் தண்ணீர் கொடுக்காமல் ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும்.

நம்பிக்கை: மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கி, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க வேண்டும்.

இது உயிரைக் கொல்லும் பழக்கம். வயிற்றை அமுக்கினால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும், நேரமும் வீணாகும். மூச்சில்லை என்றால் மல்லாத்திப் படுக்க வைத்து, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று விடாமல் தொடருங்கள். கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.

படகு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்குக் கண்மாய் நிறைவதற்கு முன், உங்களிடம் உள்ள எல்லா லைஃப் ஜாக்கெட்டையும் வெளியே எடுத்துப் போடுங்கள். பக்கிள் உடைந்ததையும் துணி நைந்ததையும் அன்றைக்கே வெட்டி எறியுங்கள். மிச்சம் எத்தனையோ, அத்தனை பேரை மட்டும் படகில் ஏற்றுங்கள்.