பூஜ்யம் நல்ல மார்க் இல்லை

மண்டபம்

அன்புள்ள தேவிக்கு,

நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் பூஜ்யம் என்று படம் பிடித்து அனுப்பியிருக்கிறாய், கணக்கில் நூறு வாங்கினவள் மாதிரி. அடுத்த வரியிலேயே, "பவளம் வெளிறிப்போச்சு, பாசியும் வாடுது பெரியப்பா" என்கிறாய். இரண்டும் ஒரே சேதிதான் அம்மா. உன் கடல்நீர்த் தொட்டி பட்டினி கிடக்கிறது.

பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. அந்த நுண்பாசியும், கீழ்த்தொட்டியான சம்ப்பில் நீ வளர்க்கும் கீட்டோ பாசியும் ஒரே பந்திக்காரர்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டு பேருக்குமே வேண்டும். நீயோ கீட்டோவுக்கு நாள் முழுக்க விளக்கு, அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர், போதாததற்கு பாஸ்பேட் உறிஞ்சி என்று இலையில் விழுவதற்குள் எல்லாவற்றையும் வழித்துவிடுகிறாய். முதலில் உறிஞ்சியைக் கழற்று. கீட்டோவின் விளக்கு எட்டு மணி நேரம் போதும். மேல்தொட்டி இருட்டான பிறகு எரியட்டும், ராத்திரியில் பி.எச். ரொம்பவும் இறங்காது. மீனுக்கு ஒரு சிட்டிகை கூடப் போடு. நைட்ரேட் 5-லிருந்து 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.05 பக்கம் நின்றால் எனக்குத் திருப்தி. ஆல்கலினிட்டியை 8 டி.கே.எச்.சிலேயே வை. பட்டினித் தண்ணீரில் அதை ஏற்றினால் குச்சிப் பவளங்களின் நுனி கருகும். எதையும் ஒரே நாளில் மாற்றாதே.

காலெர்ப்பா பாசி அழகாக இருக்கிறது, வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அழகுதான். நானும் தொட்டி வைத்திருந்தபோது அதில் மயங்கியவன்தான். பார்க்கத் தண்டும் இலையுமாகத் தெரிந்தாலும் அந்தச் செடி முழுக்க ஒரே உயிரணு. நடுவில் சுவர் கிடையாது. இனப்பெருக்கத்துக்குப் புறப்பட்டால் உள்ளே இருப்பதையெல்லாம் தண்ணீரில் கொட்டிவிட்டு வெறும் கூடாகிவிடும். இரண்டு மாதம் கத்தரிக்காமல் விட்டேன். ஒருநாள் விடியற்காலை தொட்டி முழுக்கப் பால் கரைத்த மாதிரி இருந்தது. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அன்று வேலைக்குப் போகவில்லை. கீட்டோ நைலான் நூல் சிக்கல் மாதிரி அசிங்கமாக இருந்தாலும் இந்த வேலையெல்லாம் காட்டாது. அதோடேயே இரு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாதியை அள்ளி வெளியே எடு. அழுக்கு தொட்டியை விட்டுப் போவது அப்போதுதான். அள்ளாத பாசி செத்தால் தின்றதையெல்லாம் திரும்பக் கக்கிவிடும்.

அள்ளியதை எங்கே போடுவது என்பதில்தான் எனக்குக் கவலை. இங்கே எங்கள் கண்ணெதிரே நடந்தது இது. வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவந்த காப்பாஃபைக்கஸ் பாசி, குருசடைத் தீவில் உயிருள்ள பவளத்தின் மேலேயே படர்ந்து மூடியிருப்பதாக 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வளர்த்தவர்களுக்கு அது பிழைப்பு, பவளத்துக்கு மூச்சடைப்பு. ஆகவே வெயிலில் காயவைத்து, சருகானதும் குப்பையில் போடு. கஞ்சிப்பாசி வளர்த்தால் அந்தத் தொல்லையும் இல்லை, உன் மஞ்சள் டேங் மீனே தின்று தீர்த்துவிடும். உன் அப்பன் கையில் மட்டும் வாளியைக் கொடுக்காதே. நேரே வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு வருவான்.

பெரியப்பா