உலையேறும் முன் ஒரு பிடி

கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டைகளைக் கடந்து செல்லாத திருவனந்தபுரத்துத் தமிழர் இருக்க இயலாது. மட்டை அரிசி, பச்சரிசி, புழுங்கலரிசி என்று வாய் திறந்து நிற்கும் சாக்குகளில் கைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்துத்தான் நம் தாய்மார்கள் விலை கேட்பார்கள். அந்த ஒரு பிடியையே இம்மாதப் பாடத்திற்குப் பொருளாகக் கொள்வோம். நன்றியுணர்வு என்பது மனத்தில் தோன்றி மனத்திலேயே அடங்கிவிடும் மென்மையான ஓர் எண்ணமா, அல்லது ஒரு சமூகத்தின் அன்றாட வாழ்வைத் தாங்கக்கூடிய வலிமை அதற்கு உண்டா என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

பிடியரிசி நமக்குப் புதியதன்று. காஞ்சி ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இல்லந்தோறும் நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து ஏழைகளுக்கு அன்னமிடும்படி பணித்ததைத் தமிழகம் அறியும். கேரளத்தில் சாவற குரியாக்கோஸ் எலியாஸ் அடிகளார் (1805–1871) பள்ளிக்கு வரும் ஏழைக் குழந்தைகளின் நண்பகல் உணவுக்காகப் 'பிடியரி' சேகரித்ததை இங்குள்ளோர் இன்றும் நினைவுகூர்கின்றனர். எனினும், இவ்வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முறியாமல் தொடர்ந்து, ஒரு சபையின் முதுகெலும்பாகவே ஆகிவிட்ட இடத்தைக் காண வேண்டுமாயின், நாட்டின் வடகிழக்கு மூலைக்குச் செல்ல வேண்டும். அது மிசோரம், அங்குள்ள பிரெஸ்பிட்டேரியன் சபை.

மூப்பரும் உதவிக்காரரும்

'பிரெஸ்பிட்டர்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்று பொருள். தனி ஒருவரின் ஆட்சிக்கு உட்படாமல், சபையார் தேர்ந்தெடுக்கும் மூப்பர்கள் கூடி நடத்தும் சபை ஆதலால் இப்பெயர் வந்தது. கால்வின் 1541ஆம் ஆண்டு ஜெனீவா நகருக்கு வகுத்த சபை ஒழுங்கில் மேய்ப்பர், ஆசிரியர், மூப்பர், உதவிக்காரர் என நான்கு பணிகள் குறிக்கப்பட்டன. அவற்றுள் உதவிக்காரர் பணி இரு கூறுகளாகப் பிரிக்கப்பட்டது நம் கவனத்திற்குரியது. ஒரு சாரார் காணிக்கையைத் திரட்டிக் காத்துப் பங்கிட வேண்டும்; மற்றொரு சாரார் நோயுற்றோரையும் வறியோரையும் நேரில் சென்று பேண வேண்டும். பணத்தைக் கையாள்வதும் மனிதரைக் கையாள்வதும் வெவ்வேறு திறன்கள் என்று அன்றே உணர்ந்திருந்தனர்.

இந்த மரபு தென்திருவிதாங்கூருக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. இங்கு இலண்டன் மிஷன் உருவாக்கிய சபைகள், ஸ்காட்லாந்து, ஆற்காடு மிஷன்களின் பிரெஸ்பிட்டேரியன் மரபுச் சபைகளோடு 1908ஆம் ஆண்டு தென்னிந்திய ஐக்கிய சபையில் இணைந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் கலந்தன. எனவே மிசோ மக்களின் வழக்கத்தை ஏதோ தொலைதூர மலைவாழ் மக்களின் விந்தை என்று நாம் ஒதுக்க வேண்டியதில்லை.

மிசோ மலைகளில் 1894 ஜனவரி 11 அன்று லொரெய்ன், சாவிட்ஜ் என்னும் இருவர் வந்து சேர்ந்தனர். அம்மொழிக்கு எழுத்து அமைத்தவர்கள் அவர்களே. 1897இல் வேல்ஸ் நாட்டுப் பிரெஸ்பிட்டேரியன் மரபினரான டி. இ. ஜோன்ஸ் வந்தார். முதல் இருவர் ஞானஸ்நானம் பெற்றது 1899இல். மிக ஏழ்மையான, மிக இளைய சபை. பணப்புழக்கமே அரிதான அம்மலைகளில் காணிக்கை செலுத்த நாணயம் இல்லை. மலைச்சரிவில் காட்டை எரித்து விதைத்து விளைவித்த நெல் மட்டுமே உண்டு.

1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அச்சபையின் பெண்கள் 'புஃபாய் தாம்' என்னும் வழக்கத்தைத் தொடங்கினர். 'புஃபாய்' என்றால் அரிசி. 'தாம்' என்றால் பிடி. ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும், சமையலுக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக்கலத்தில் இடுவர். மாதர் சங்கத்தார் அதனைச் சேகரிப்பர். விற்ற தொகை சபையின் ஊழியங்களுக்குச் செல்லும். முறை இவ்வளவே.

எதிலிருந்து எடுப்பது?

இங்கே சற்று நிதானிப்போம். மிசோ இல்லத்தரசி அந்தப் பிடியை மூட்டையிலிருந்து எடுப்பதில்லை. அன்றைய உணவுக்கென்று அளந்ததிலிருந்து எடுக்கிறாள். மூட்டையிலிருந்து எடுத்தால் குறைவது சேமிப்பு. அளந்ததிலிருந்து எடுத்தால் குறைவது தன் வீட்டாரின் தட்டு. அக்குறைவு ஒருவரும் பசித்திருக்கும் அளவிற்கு இல்லை. ஆனால் ஒருவரும் அறியாத அளவிற்கும் இல்லை. மேலும், உண்டு முடித்தபின் எஞ்சியதைக் கொடுப்பதன்று இது. உண்ணும் முன்னரே, உலையேறும் முன்னரே கொடுப்பது. உணவு கிடைத்துவிட்டது என்ற நன்றி அக்கணமே கையின் அசைவாகிவிடுகிறது. நம் நாட்டு இல்லறத்தார்க்குச் சாத்திரங்கள் விதித்த ஐவகை வேள்விகளிலும் தான் உண்ணுமுன் பிறர்க்குரிய பங்கை ஒதுக்கும் இதே ஒழுங்கு உண்டு.

திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலைத் துறவறவியலில் வைக்கவில்லை; இல்லறவியலில் வைத்தார். ஒப்புரவறிதலும் ஈகையும் அதே இயலில் அடுத்தடுத்து வருகின்றன. நன்றி என்பது குகையில் அமர்ந்து பழகும் பண்பன்று, அடுப்பங்கரையில் பழகும் பண்பு என்பதற்கு இவ்வைப்பு முறையே சான்று என்று கொள்ளலாம். விவிலியத்திலும் சாறிபாத் ஊர் விதவையிடம் இருந்தது பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயும்தான். பஞ்சத்தில் தானும் மகனும் கடைசியாக உண்ணவிருந்த அதிலிருந்துதான் எலியா தீர்க்கதரிசிக்கு முதல் அடை சுட்டுக் கொடுத்தாள். மிசோ பெண்கள் அந்தக் கதையைத் தங்கள் சமையலறையில் நாள்தோறும் நடத்திக்காட்டினர் எனலாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிடி 50 கிராம், நாளுக்கு இருமுறை சமையல் என்று கொண்டால், ஒரு வீட்டிலிருந்து மாதத்திற்கு 3 கிலோ. ஆயிரம் வீடுகள் உள்ள ஓர் ஊரில் 3,000 கிலோ. 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி மிசோரத்தின் மொத்த மக்கள் ஏறத்தாழ 11 லட்சம். சென்னை நகரின் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அச்சிறு மாநிலத்துப் பெண்களின் பிடியரிசி இப்போது ஆண்டுக்குப் பல கோடி ரூபாயாகத் திரள்கிறது. 1966இல் அம்மலைகளில் கிளர்ச்சி மூண்டு, 1968இல் வெளிநாட்டு மிஷனரிகள் வெளியேறியபோது சபை தளரவில்லை. அரிசிக் கலம் அடுப்பருகே ஏற்கெனவே இருந்ததும் அதற்கொரு காரணம்.

கொடுப்பவன் யார்?

தொகையைக் காட்டிலும் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பழைய மிசோ சமூகத்தில் 'போய்' என்றொரு முறை இருந்தது. பஞ்சத்தாலும் நோயாலும் ஆதரவற்றுப்போன விதவைகள், அநாதைகள் ஊர்த்தலைவனின் வீட்டில் அடைக்கலம் புகுவர். அவன் சோறிடுவான், அதற்கு ஈடாக அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அவனுக்கே உரியவர் ஆவர். உயிர் பிழைத்தது, விடுதலை போயிற்று. 1908இல் வந்த மருத்துவர் பீட்டர் ஃப்ரேசர் இம்முறையை எதிர்த்துப் போராடினார். ஆங்கிலேய அதிகாரிகளின் சினத்திற்கு ஆளாகி 1912இல் அம்மலையை விட்டே வெளியேற நேர்ந்தது.

அதே ஆண்டுகளில்தான் பிடியரிசியும் வேரூன்றியது என்பது சிந்திக்கத்தக்கது. ஒரு பெரிய கொடையாளி இருக்கும் இடத்தில் பெறுபவனுடைய நன்றி மெல்ல மெல்லக் கட்டாகிவிடும். கலத்தில் விழும் அரிசியிலோ தலைவன் வீட்டுப் பிடியும் விதவை வீட்டுப் பிடியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பிரித்தறிய ஒருவராலும் இயலாது. எவருக்கும் எவரும் கடன்பட்டவர் அல்லர். ஏழையும் அங்கே கொடுப்பவனாக நிற்கிறான். நாம் நடத்தும் அன்னதானங்களில் ஏழைக்கு இலை போடுகிறோம். அவனிடமிருந்து ஒரு பிடி வாங்கிக்கொள்ள நமக்குத் தோன்றுவதில்லை. அவனுக்குக் கொடுக்க மறுக்கும் பொருள்களுள் கொடுக்கும் உரிமையும் ஒன்று.

அரிசியால் மட்டும் பராமரிப்பு நிறைவுறாது. கால்வின் வகுத்த இரண்டாவது கூறு, நேரில் சென்று பேணுதல், மிசோ மக்களிடம் 'த்லோம்ஙாய்னா' என்னும் பெயரில் கிறிஸ்தவம் வருவதற்கு முன்னரே இருந்தது. தன்னைப் பின்னிறுத்திப் பிறரை முன்னிறுத்தும் நெறி அது. நோயாளியை இளைஞர்கள் தோளில் சுமந்து மலையேறி இறங்கிச் செல்வர். ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் ஊர் இளைஞர்கள் குழி தோண்டுவர். துயருற்ற வீட்டாருடன் இரவில் அமர்ந்திருப்பர். இப்பணிகளை 1935இல் தோன்றிய இளைஞர் சங்கம் இன்றும் ஏற்று நடத்துகிறது. சபை இப்பழைய நெறியை அழிக்காமல் தன்னுள் வாங்கிக்கொண்டது. 1928இல் துர்த்லாங்கில் தொடங்கப்பெற்ற சபை மருத்துவமனையும் அவ்வழியில் வந்ததே.

எல்லைகளும் உண்டு

புகழ்ந்து மட்டும் முடித்துவிட்டால் பாடம் அரைகுறையாகும். அம்மலைகளில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் பூத்துக் காய்க்கும். அக்காயைத் தின்று எலிகள் பெருகும். பின் வயல்களில் புகுந்து நெல்லை அழிக்கும். 'மௌத்தாம்' எனப்படும் இப்பஞ்சம் 1911–12இலும், 1958–60இலும், 2007–08இலும் வந்தது. இரண்டாம் முறை வருமுன்பே மாவட்ட மன்றத்தினர் எச்சரித்தும் அன்றைய அஸ்ஸாம் அரசு அதனைப் பொருட்படுத்தவில்லை. அப்பட்டினியிலிருந்து எழுந்த நிவாரண அமைப்பே பின்னர் 1961இல் மிசோ தேசிய முன்னணியாக மாறியது. இருபது ஆண்டுப் போரின்பின் 1986இல்தான் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. வீட்டில் அரிசியே இல்லாதபோது பிடி ஏது? அக்கறையுள்ள சபை அரசின் கடமைக்கு மாற்றாகாது. ஸ்காட்லாந்திலும் தாமஸ் சாமர்ஸ் 1819 முதல் கிளாஸ்கோவில் தம் திருச்சபை வட்டாரத்தை 25 பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கொரு உதவிக்காரரை அமர்த்தி, சட்டத்தின் உதவியின்றியே ஏழைகளைக் காத்துவிடலாம் என்று முயன்றார். அண்டை வீட்டாரை அண்டை வீட்டார் அறிய வேண்டும் என்ற அவர் கருத்து பொன்னானது. ஆயினும் 1845இல் அந்நாட்டுக்கு ஏழைகள் சட்டம் தேவைப்பட்டது.

மற்றொன்று, இதனினும் நெருடலானது. அரிசியை எடுத்து வைத்தவர்கள் பெண்கள். வீடு வீடாகச் சென்று திரட்டியவர்கள் பெண்கள். ஆனால் அந்நூற்றாண்டின் பெரும்பகுதியும் அத்தொகை எவ்வாறு செலவிடப்பட வேண்டும் என்று முடிவு செய்யும் மூப்பர் அவையில் பெண்களுக்கு இடம் தரப்படவில்லை. ஆயராகத் திருநிலைப்படுத்தவும் இல்லை. எருசலேமின் ஆதித் திருச்சபையிலும் விதவைகள் சிலர் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டனர் என்ற முறையீடு எழுந்தபோது, அதனைச் சீர்செய்ய எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் கூறுகிறது. எழுவரும் ஆண்களே. முறையிட்ட சாரார் கிரேக்கம் பேசியோர். தேர்ந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே என்பது ஓர் ஆறுதல்.

சத்சங்கத்தினருக்கு

இப்பாடத்தைக் குழுவாகப் படிக்கும் அன்பர்கள் சொற்பொழிவோடு நின்றுவிட வேண்டாம். ஒரு மாதம் செய்து பாருங்கள். மூடியுள்ள சிறு கலம் ஒன்றை அரிசிப் பானையின் அருகில் வையுங்கள். பூசையறையில் வேண்டாம், அங்கு வைத்தால் வாரமொருமுறைதான் நினைவு வரும். கலத்தில் வண்டு வராமல் காய்ந்த வேப்பிலை சில இடலாம். அளந்த அரிசியிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதில் மட்டும் தளர்வு கூடாது. பிள்ளைகள் எடுத்து வைப்பார்களாயின் இன்னும் நன்று. அவர்கள் பிடி சிறியதாயிருக்கும், இருக்கட்டும். விடுதியில் உண்ணும் இளைஞர்களுக்கு அரிசி இல்லை. அவர்கள் நேரத்தைப் பிடியாகக் கொடுக்கலாம். மருத்துவக் கல்லூரியில் துணையின்றிப் படுத்திருக்கும் வெளியூர் நோயாளிக்கு ஒரு மாலைப் பொழுது போதும்.

யாருக்குக் கொடுப்பது என்பதை மாத முடிவில் தீர்மானிக்காமல் முதல் நாளே கூடிப் பேசிக்கொள்ளுங்கள். பெறுகின்ற குடும்பங்களிடமும் ஒரு கலம் கொடுங்கள். அவர்கள் இயன்றபோது இயன்றதை இடட்டும், இடவில்லையெனில் கேட்க வேண்டாம். எந்த வீட்டிலிருந்து எவ்வளவு வந்தது என்று எழுதி வைக்காதீர்கள். மொத்தம் எவ்வளவு, எங்கே சென்றது என்பதை மட்டும் எழுதுங்கள். அக்கணக்கு எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படும் நாளில், அரிசியை எடுத்து வைத்த தாய்மார்கள் சமையலறையில் இராமல் கூடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அன்று காப்பி ஆண்கள் போடட்டும்.