ஆலை மருத்துவராகப் போகிறவர்களுக்குப் பத்து அறிவுரைகள்

எம்.பி.பி.எஸ். முடித்து, ஏ.எஃப்.ஐ.ஹெச். என்னும் மூன்று மாதத் தொழில்சார் மருத்துவப் படிப்பையும் முடித்துவிட்டு, வடசென்னை ஆலைகளின் மெடிக்கல் ரூமுக்குள் காலெடுத்து வைக்கும் இளைய மருத்துவர்களுக்கு இதை எழுதுகிறேன். ராயபுரத்துத் துறைமுக வாசல், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம், தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகள், திருவொற்றியூரின் டயர், சாணைக்கல், மோட்டார் சைக்கிள் ஆலைகள், மணலியின் சுத்திகரிப்பு நிலையமும் உர ஆலையும், எண்ணூரின் அனல்மின் நிலையம் என்று இத்தனை விதமான உழைப்பு ஒரே கடற்கரை ஓரத்தில் நெருங்கிக் கிடக்கிறது. வேலையால் வரும் நோய்களில் பல, வந்த பிறகு குணமாகாதவை. ஆனால் ஏறக்குறைய எல்லாமே வராமல் தடுக்கக்கூடியவை. நம்மைப் போன்றவர்கள் ஆலைக்குள் இருப்பதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

1. முதல் மாதம் நாற்காலியில் உட்காராதீர்கள்.

ஆலை முழுவதையும் நடந்து பாருங்கள். மூன்று ஷிப்டிலும் பாருங்கள். இரவு ஷிப்டை விட்டுவிடாதீர்கள். பகலில் ஓடும் காற்றுறிஞ்சி இரவிலும் ஓடுகிறதா? தூசியைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்குகிறார்களா, ஈரப்படுத்திய பிறகு அள்ளுகிறார்களா? பெயின்ட் ஷாப்பில் கையைத் தின்னரில் கழுவுகிறார்களா? ஷிப்டு முடிந்ததும் கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதித் தட்டுகிறார்களா? டிபன் பாக்ஸை எங்கே வைக்கிறார்கள்? ஈயம் படிந்த சட்டை வீட்டுக்குப் போனால் அந்த ஈயம் குழந்தையின் ரத்தத்துக்கும் போகும். இவையெல்லாம் எந்த ஸ்கேனிலும் தெரியாது. நடந்தால்தான் தெரியும்.

2. "என்ன வேலை?" என்று கேளுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700இல் தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் அவர். நம் ஊரில் அந்தக் கேள்விக்குக் கம்பெனிப் பெயர்தான் பதிலாக வரும். அது போதாது. கையால் என்ன செய்கிறார், எதைத் தொடுகிறார், எதை மூச்சில் இழுக்கிறார், இதற்கு முன் எங்கே இருந்தார், மாலையில் வேறு பட்டறைக்குப் போகிறாரா என்று கேளுங்கள்.

நோய் வரும் நேரத்தையும் கேளுங்கள். பஞ்சாலைத் தொழிலாளிக்கு வார விடுமுறை முடிந்து திரும்பும் நாளில் நெஞ்சு இறுகினால் அது பஞ்சுத் தூசி நோயின் அடையாளம். பெரம்பூர் பி அண்ட் சி ஆலை ஓடிய காலத்துப் பெரியவர்களின் மூச்சிரைப்பை இந்தக் கண்ணோடும் பார்த்திருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்தவருக்கு மாலையில் குளிர்காய்ச்சல் வந்து, ஓரிரு நாளில் போய்விடும். பற்றவைத்த புகையைப் பற்றிக் கேட்காத மருத்துவர் அதற்கு மலேரியா டெஸ்ட் எழுதுவார்.

3. காசநோய்க்குப் பின்னால் தூசி இருக்கிறதா என்று பாருங்கள்.

சாண்ட் பிளாஸ்டிங், வார்ப்பாலை, கல்லுடைப்பு ஆகிய வேலைகளில் பறக்கும் மெல்லிய சிலிக்கா தூசி நுரையீரலின் அடியாழம்வரை போய், அங்கிருக்கும் காவல் செல்களையே கொல்கிறது. அதனால் சிலிக்கோசிஸ் வந்தவருக்குக் காசநோய் பிடிக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. காசநோய் மாத்திரையை ஒழுங்காகத் தின்று முடித்தும் மூச்சு வாங்குகிறது என்று வருபவரிடம், "மாத்திரையை விட்டுவிட்டாயா?" என்று அதட்டுவதற்கு முன், எந்தத் தூசியில் எத்தனை வருடம் நின்றார் என்று கேளுங்கள். சிலிக்கோசிஸுக்குத் திரும்பும் வழி கிடையாது. காசநோயை ஆற்றி அவரை அதே தூசிக்கு அனுப்புவது, கூரை ஒழுகும்போது கீழே பாத்திரத்தை மட்டும் மாற்றி மாற்றி வைப்பது போன்றது.

4. ஒரே ஆளின் ரிப்போர்ட்டைத் தனியாகப் படிக்காதீர்கள்.

வேலையில் சேரும் அன்றே காது கேட்கும் திறனையும் நுரையீரல் திறனையும் அளந்து வையுங்கள். அந்த முதல் அளவு இல்லையென்றால் பின்னால் எடுப்பதற்கெல்லாம் பொருள் குறைவு. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளமாக விழும். பேச்சு நன்றாகத்தான் கேட்கும், தொழிலாளிக்கே தெரியாது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் நாட்டு வரம்பு. அந்த வரம்புக்குள் இருந்தாலே காது பிழைத்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

போன வருடத்துத் தாளையும் இந்த வருடத்துத் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு ஒரே பிரிவில் நிற்கும் எல்லோருடைய தாளையும் சேர்த்துப் பரப்புங்கள். ஒருவருக்குக் குறைந்தால் அவர் உடம்பைச் சந்தேகிக்கலாம். பக்கத்து மெஷினில் நிற்பவருக்கும் எதிரில் நிற்பவருக்கும் குறைந்தால், சிகிச்சை தேவைப்படுவது மெஷினுக்கு.

5. முகக்கவசத்தைக் கடைசியில் வையுங்கள்.

நச்சுப் பொருளுக்குப் பதில் வேறொன்றைப் பயன்படுத்த முடியுமா? முடியாவிட்டால் அதை மூடிவைக்க முடியுமா? புகை பிறக்கும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்ற முடியுமா? ஒருவர் அங்கே நிற்கும் நேரத்தைக் குறைக்க முடியுமா? இத்தனையும் கேட்ட பிறகுதான் கவசம். மூக்கில் கட்டிய கைக்குட்டை மெல்லிய தூசியை நிறுத்தாது. மே மாத உக்கிரத்தில் எட்டு மணி நேரம் ரப்பர் கவசம் போட்டு யாராலும் மூட்டை தூக்க முடியாது. "மாஸ்க் கொடுத்தோம், போடமாட்டேன் என்கிறார்கள்" என்ற பேச்சை மீட்டிங்கில் கேட்டால் தலையாட்டாதீர்கள். காற்றுறிஞ்சி எப்போது வரும் என்று கேளுங்கள்.

6. காரணத்தை எழுதுங்கள்.

இந்தப் பத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். நாம் எழுதும் மருந்துச் சீட்டை வேறு எந்த டாக்டரும் எழுதிவிடுவார். இந்த நோய் இந்த வேலையால் வந்தது என்று எழுத, அந்த வேலையைக் கண்ணால் பார்த்த மருத்துவர் வேண்டும்.

இது விருப்பத்துக்கு விட்ட காரியமும் அல்ல. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவு, மூன்றாம் அட்டவணையிலுள்ள நோய் ஒன்று தொழிலாளிக்கு வந்திருப்பதாகக் கருதும் மருத்துவர் அதைத் தலைமை ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தாமதமின்றி எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. ஆலை டாக்டர் மட்டுமல்ல, வெளியில் கிளினிக் வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும். அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் இந்தக் கடமையைத் தொடர்கிறது. ஈயம், பாதரச நஞ்சேற்றமும் சிலிக்கோசிஸும் இரைச்சல் செவிடும் அந்தப் பட்டியலில் உண்டு. ஈ.எஸ்.ஐ. உதவியானாலும், இழப்பீடானாலும், தொழில்நோய் என்று பதிவானால்தான் அந்தக் குடும்பத்துக்குக் கதவு திறக்கும். "நாள்பட்ட சளி" என்று எழுதிவிட்டால் எல்லாக் கதவும் சாத்தியபடியே இருக்கும்.

கொடைக்கானலை எண்ணிப் பாருங்கள். அங்கிருந்த பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. தங்கள் உடம்புக் கோளாறுகள் பாதரசத்தால் வந்தவை என்றார்கள் தொழிலாளர்கள், நிறுவனம் மறுத்தது. முன்னாள் தொழிலாளர் 591 பேர் சார்பில் உடன்பாடு ஏற்பட்டது 2016இல். நடுவில் பதினைந்து ஆண்டுகள். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம் நெடுநாள் தங்குவதில்லை. வேலை நின்று வருடங்கள் கழித்துச் சிறுநீரில் தேடினால் என்ன கிடைக்கும்? வேலை நடந்தபோதே எடுத்த அளவுகளும், அவற்றைத் தொழிலாளி கையில் கொடுத்த நகலும்தான் அப்போது பேசும்.

1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் ஆரோக்கியம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கல்நார் நோய் இருபது, முப்பது வருடம் பதுங்கியிருந்து வருவது. உங்கள் கையெழுத்து அதுவரை படிக்கும்படி இருக்கட்டும்.

7. சம்பளம் தருபவருக்கு மரியாதை, தொழிலாளிக்கு விசுவாசம்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1985ஆம் ஆண்டு 161ஆம் உடன்படிக்கை, தொழில்சார் மருத்துவர் தம் கடமையில் முழுச் சுதந்திரத்தோடு இயங்க வேண்டும் என்கிறது. ஒருவர் லீவு போட்ட காரணம் உண்மையா என்று துப்பறியும் வேலையை அவரிடம் முதலாளி கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது. நிர்வாகத்துக்கு நீங்கள் சொல்ல வேண்டியது, இந்த வேலைக்கு இவர் தகுதியா, என்ன கட்டுப்பாட்டோடு தகுதி என்பதுதான். சர்க்கரை, மனச்சோர்வு, எச்.ஐ.வி., கர்ப்பம் எல்லாம் உங்களோடு இருக்கட்டும். ஒருமுறை ரகசியம் வெளியே போனால், பிறகு எந்தத் தொழிலாளியும் உங்களிடம் உண்மை பேச மாட்டார்.

நிர்வாகத்தோடு சண்டைக்கு நிற்காதீர்கள். தேதி போட்டு, அளவு போட்டு, பணிவாக எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். சேஃப்டி ஆபீசரையும் சங்கத்துக்காரரையும் ஒரே மேசைக்கு அழையுங்கள்.

8. கான்ட்ராக்ட் ஆளும் உங்கள் பொறுப்பு.

அதிகத் தூசியும் அதிக உயரமும் கான்ட்ராக்ட் ஆட்கள் பங்குக்கே வருகின்றன. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து வந்தவர்கள். கேட் பாஸுக்காக மேஸ்திரி கொண்டுவரும் கட்டுக் காகிதத்தில், ஆளைப் பார்க்காமல் ஒரு கையெழுத்தும் போடாதீர்கள். உயரத்தில் ஏறுபவருக்கு வலிப்பு உண்டா, தலைசுற்றல் உண்டா, நேற்று தூங்கினாரா என்று அவர் மொழியில் கேட்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் அடுத்த மாதம் வேறு ஊரில் இருப்பார். அதனால் பரிசோதனை நகலைக் கான்ட்ராக்டரிடம் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள்.

9. வெப்பத்தை நோய்க்காரணமாகப் பதிவு செய்யுங்கள்.

கொதிகலன், வார்ப்பாலை, கப்பல் அடித்தளம், உப்பளம் ஆகிய இடங்களில் மயக்கம் வந்துவிட்டால் "சாப்பிடாமல் வந்திருப்பான்" என்பது பழைய வழக்கம். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடம் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் செய்த ஆய்வு, வெப்பத்துக்கும் சிறுநீரகம் பழுதாவதற்கும் உள்ள தொடர்பை நம் முன் வைத்தது. புதிதாகச் சேருபவருக்கு முதல் ஒரு வாரம் வேலை நேரத்தைப் படிப்படியாகக் கூட்டச் சொல்லுங்கள். தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றையும் மருந்தைப் போல எழுதிக் கொடுங்கள். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் கழிவறை எவ்வளவு தூரம் என்று நடந்து பாருங்கள். கழிவறை இல்லாத இடத்தில் அவர்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள்.

10. ஆபத்தை முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள், மதிலோடு நிற்காதீர்கள்.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, மூச்சுத்திணறலோடும் கண்ணெரிச்சலோடும் மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். உங்கள் ஆலையில் என்ன வாயு இருக்கிறது, கசிந்தால் காற்று எந்தக் குப்பத்துப் பக்கம் அடிக்கும், கண்ணை எங்கே கழுவுவது என்பது உங்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கும் அந்த வாயுவின் பெயரை முன்பே சொல்லிவையுங்கள். டேங்கிலோ கப்பலின் அடித்தளத்திலோ ஒருவர் விழுந்தால், காற்றுக் கருவி இல்லாமல் இன்னொருவர் இறங்கக் கூடாது என்பதை மாதாமாதம் சொல்லுங்கள். காப்பாற்றப் போய் இறப்பவர்கள் அதிகம்.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, மீனவரும் மாணவரும் கூலி ஆட்களும் அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோதும் மீனவர்கள் அள்ளினார்கள். அதுவும் தொழில்தான், அந்தத் தோலும் நுரையீரலும் நம் படிப்புக்குள் அடங்கியவைதான். அத்தகைய நாளில் நீங்கள் கையுறையோடும் பதிவேட்டோடும் அங்கே போய் நில்லுங்கள். யார் அள்ளினார், எத்தனை மணி நேரம் அள்ளினார், உடம்பில் என்ன கண்டது என்று பெயர் வாரியாக எழுதுங்கள். சம்பளப் பட்டியலில் இல்லாதவருக்கு, தான் அங்கே நின்றதற்கு அந்த ஏட்டை விட்டால் வேறு சான்று கிடையாது.