வீட்டுக் கூரையில் அணில்: வெளியேற்ற ஆகும் செலவு எவ்வளவு?

மத்திகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டார விவசாயிகள் ராகி, ரோஜா, பட்டுப்புழு பற்றி ஐயம் கேட்பது வழக்கம். இப்போது அவற்றோடு இன்னொரு கேள்வியும் வருகிறது. தமிழில் அணில், கன்னடத்தில் அளிலு, தெலுங்கில் உடுத என்று எந்த மொழியில் கேட்டாலும் கேள்வி ஒன்றுதான்: "கூரையில் புகுந்துவிட்டது, வெளியேற்ற என்ன செலவாகும்?"

அணிலுக்குச் செலவு செய்ய வேண்டாம், ஓட்டைக்குச் செலவு செய்யுங்கள் என்பதே இதற்குச் சுருக்கமான பதில். ஓட்டையையும் காலம் பார்த்தே அடைக்க வேண்டும். விவரம் கீழே தரப்பட்டுள்ளது.

அணில்தானா என்று அறிதல்

அணில் பகலில் நடமாடும். இரவில் கூட்டில் உறங்கும். எலி இரவில் நடமாடும். ஆகவே காலையிலும் மாலையிலும் கூரையில் சத்தம் கேட்டால் அணில் என்றும், விளக்கு அணைத்தபின் கேட்டால் எலி என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். தேங்காய் நார், பஞ்சு, காய்ந்த புல் ஆகியவை சுவர்த்தலையிலிருந்து உதிர்ந்தால் அங்கே அணில் கூடு உள்ளது.

என்ன சேதம்?

அணிலின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்ப்பதற்காக அது எதையாவது கொறித்தாக வேண்டும். கூரைக்குள் கிடைப்பது மின்கம்பியின் உறை. உறை போன கம்பிகள் இரண்டு தொட்டால் தீப்பொறி எழும். அமெரிக்காவில் 1987 டிசம்பரில் ஓர் அணிலால் ஏற்பட்ட மின்தடை, நாஸ்டாக் பங்குச் சந்தையையே ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிறுத்திவிட்டது. ஓலைக் கூரையும் வைக்கோலும் உள்ள நம் வீட்டுக்கு அதைவிடச் சிறு பொறி போதும்.

பட்டுப்புழு வளர்ப்போருக்கு இன்னொரு நட்டமும் உண்டு. எலி, பல்லி, எறும்பு போலவே அணிலும் புழு வளர்ப்பு மனைக்குள் நுழைந்து புழுவைத் தின்னும், கூட்டைக் கடிக்கும். கடிபட்ட கூட்டில் தொடர்ச்சியான நூல் எடுக்க இயலாது. அது கழிவுக் கூட்டின் விலைக்கே போகும்.

நான் செய்த தவறு

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓட்டு வீட்டுக்காரர் என்னிடம் யோசனை கேட்டார். அணில் வெளியே போகும் நண்பகலில் ஓட்டையை அடைத்துவிடுங்கள் என்றேன். அன்றே அடைத்தார். ஒரு வாரம் கழித்துப் போனபோது வீட்டில் நாற்றம் தாங்கவில்லை. உள்ளே குட்டிகள் இருந்திருக்கின்றன. அந்த வீட்டம்மா சொன்னார்: "தாய் மூணு நாளா ஓட்டு மேலேயே சுத்திச்சு சார். நீங்க சொன்னதாலே நாங்க திறக்கலை." ஓடுகளைப் பிரித்துத்தான் சுத்தம் செய்ய முடிந்தது. பழைய ஓடுகள் பல உடைந்தன. இரண்டு நாள் கொத்தனார் கூலியும் போயிற்று. அந்தச் செலவு என் அவசர யோசனையால் வந்தது. அதன்பின் குட்டி இருக்கிறதா என்று கேட்காமல் நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

அணிலின் சினைக்காலம் சுமார் 5 வாரம். ஓர் ஈற்றில் இரண்டு அல்லது மூன்று குட்டிகள் பிறக்கும். அவை பால் மறக்க ஏறத்தாழ 10 வாரம் ஆகும்.

செய்ய வேண்டியவை

1. முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, மின்பணியாளரைக் கொண்டு கம்பிகளைப் பார்க்கச் செய்யவும். கடிபட்ட கம்பியை ஒட்டு நாடா சுற்றி விடாமல் மாற்றிவிடவும்.

2. எல்லா ஓட்டைகளையும் கண்டுபிடிக்கவும். ஓட்டின் விளிம்பு, கைமரம் சுவரில் அமரும் இடம், சிமெண்டு சீட்டின் அலை இடுக்கு, கம்பி நுழையும் துளை ஆகிய இடங்களில் தேடவும். ஒவ்வொன்றிலும் செய்தித்தாளைச் சுருட்டித் தளர்வாகச் செருகவும். மறுநாள் தள்ளப்பட்டிருந்தால் அதுவே வழி.

3. கூட்டைப் பார்த்து, குட்டி இருந்தால் அவை தாமே வெளியே ஓடியாடும் வரை காத்திருக்கவும். அதுவரை தானியத்தை மூடியுள்ள தகர டிரம்மில் வைக்கவும்.

4. குட்டி இல்லையென்றால் மற்ற ஓட்டைகளை அடைத்து, முக்கிய வழியில் மட்டும் கம்பி வலையை 3 அங்குல விட்டமுள்ள குழாயாகச் சுருட்டிப் பொருத்தவும். குழாய் ஒன்றரை அடி நீளம் இருக்கட்டும். அதன் வெளிமுனை சுவரைத் தொடாமல் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். அணில் இறங்கிவிடும், திரும்ப ஏறுவது கடினம். நான்கு நாள் கழித்து மீண்டும் காகிதம் செருகிப் பார்க்கவும். மூன்று நாள் காகிதம் அசையாவிட்டால் குழாயை எடுத்துவிட்டு நிரந்தரமாக அடைக்கவும்.

5. அடைப்பதற்கு அரை அங்குலக் கண்ணுள்ள ஜி.ஐ. கம்பி வலை ஏற்றது. சுண்டெலித் தொல்லையும் இருந்தால் கால் அங்குலக் கண் வேண்டும். சாக்கு, நைலான் வலை, தெர்மோகோல் ஆகியவற்றை அணில் கொறித்துவிடும். சுவர்த் துளைகளைச் சிமெண்டுக் கலவையால் பூசவும்.

6. கூரைக்கு 8 அடிக்குள் நீளும் மரக்கிளைகளை வெட்டிவிடவும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. அணில் மரத்திலேயே இருக்கட்டும்.

புழு வளர்ப்பு மனையில் இந்த வேலைகளை ஓர் அறுவடைக்கும் அடுத்த வளர்ப்புக்கும் இடையில், கிருமி நீக்கம் செய்வதற்கு முன் முடித்துக்கொள்ளலாம்.

செலவுக் கணக்கு

30 அடி நீளமுள்ள, இருபுறம் சாய்ந்த ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். அடைக்க வேண்டிய விளிம்பு 60 அடி. அரை அடி அகலப் பட்டையாக வலை பொருத்தினால் போதும். 3 அடி அகல வலையில் ஆறு பட்டை வெட்டலாம். ஆகவே 10 அடி நீள வலையே 60 அடிக்கு வரும். சேதாரத்துக்கு 2 அடி சேர்த்து 12 அடி வாங்கவும். இது 36 சதுர அடி ஆகும்.

கீழ்க்காணும் விலைகள் எடுத்துக்காட்டுக்காக மட்டும். உங்கள் கடை விலையையும் ஊர்க் கூலியையும் போட்டுக் கணக்கிட்டுக்கொள்ளவும்.

கம்பி வலை, 36 சதுர அடி, அடிக்கு ரூ.30 வீதம்: ரூ.1,080
திருகாணி, வாஷர், கட்டுக்கம்பி: ரூ.250
சிமெண்டு, மணல்: ரூ.150
கொத்தனார், ஒரு நாள்: ரூ.1,000
சித்தாள், ஒரு நாள்: ரூ.700
மொத்தம்: ரூ.3,180

ஏணியும் துணைக்கு ஓர் ஆளும் இருந்து வீட்டாரே செய்தால் ரூ.1,480-இல் முடியும். கம்பி மாற்றும் செலவு இதில் சேராது. முன்னரே வலை அடித்திருந்தால் அந்தச் செலவு வந்திருக்காது.

மலிவாகத் தோன்றும் வழிகள்

பொறி வைத்துப் பிடித்துத் தோப்பில் விடுவது மலிவு என்று சிலர் கருதுவர். ஓட்டை திறந்திருக்கும் வரை அடுத்த அணில் வரும், வேலை முடியாது. மேலும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிப்பதும் பொறி வைப்பதும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் அடங்கும். வனத்துறையைக் கேட்காமல் அணிலைப் பிடிக்கவோ கொல்லவோ முனைய வேண்டாம்.

விஷம் வைப்பது எல்லாவற்றிலும் விலை கூடியது. பொட்டலத்தின் விலை குறைவுதான். விஷம் தின்ற அணில் கூரைக்குள் எட்டாத இடத்தில் செத்து நாறும். கோழியும் நாயும் பூனையும் அதைத் தின்னக்கூடும். தவழும் குழந்தை கைக்கு எட்டியதை வாயில் வைக்கும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டுக்குள் விஷம் வைக்கப்பட்ட பிறகு இரு குழந்தைகள் இறந்தனர்; பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தானியக் கிடங்கில் புகையூட்டும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை எக்காரணம் கொண்டும் வீட்டில் பயன்படுத்தக் கூடாது. அதிலிருந்து எழும் பாஸ்பீன் வாயு, அணில் வேறு மனிதர் வேறு என்று பார்ப்பதில்லை.

யாரேனும் விஷத்தைத் தின்றதாகவோ சுவாசித்ததாகவோ ஐயம் எழுந்தால், குறி தெரியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைக்கவும். பொட்டலத்தையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும்.

பூச்சி ஒழிப்பு நிறுவனத்தாரை அழைப்பவர்கள் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "ஓட்டையை அடைப்பீர்களா, மருந்து வைப்பீர்களா?" மருந்து மட்டும் என்றால் அந்தப் பணத்துக்குக் கம்பி வலை வாங்கலாம்.

இராமருக்கு மணல் சுமந்த கதையை நம் வீட்டுக் குழந்தைகள் கேட்டு வளர்கிறார்கள். அவர்கள் கண் முன்னே அணிலைக் கொல்லாமலும், வீட்டையும் புழுவையும் இழக்காமலும் இருக்க வழி உண்டு. ஒரு நாள் வேலை, 12 அடி வலை, குட்டி வளரும் வரை கொஞ்சம் பொறுமை ஆகிய மூன்றும் போதும். மேலும் விவரம் வேண்டுவோர் அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, பட்டு வளர்ச்சித் துறை அலுவலரையோ, பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம்.