புரோபேட் இல்லாத உயில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அப்பாவின் காரியம் முடிந்த வீட்டில் நிலத்தைப் பற்றி வாய் திறப்பது அநாகரிகம் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் ஆழமாக இருக்கிறது. வருஷங்கள் ஓடும். ஊருக்குப் பக்கத்தில் புறவழிச்சாலை வரும், விலை ஏறும், விற்றுவிடலாமா என்று ஒருவர் பேச்சைத் தொடங்குவார். அப்போதுதான் பெட்டியிலிருந்து உயில் வெளியே வரும். "புரோபேட் வாங்கலை, அதனால உயில் செல்லாது" என்பார் தங்கை வீட்டுக்காரர். "புரோபேட்டையே எடுத்துட்டாங்க, இனி உயில்ல இருக்கறதுதான் முடிவு" என்பார் அண்ணன். இரண்டு பேர் சொல்வதும் தவறு. கூடப்பிறந்தவர்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்ள இந்த அரைகுறைச் சட்ட அறிவே போதுமானதாக இருக்கிறது.

"புரோபேட் வாங்காத உயில் செல்லாது"

உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் ஏற்று, முத்திரையிட்டுத் தரும் அதன் சான்று நகல்தான் புரோபேட். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 213ஆம் பிரிவில், இதை எல்லோருக்கும் கட்டாயமாக்கவில்லை. இந்துக்களைப் பொறுத்தவரை சென்னை, மும்பை உயர் நீதிமன்றங்களின் நேரடி அசல் அதிகார எல்லைக்குள்ளும் பழைய வங்காளப் பகுதியிலும் எழுதப்பட்ட உயில்களுக்கும், அந்த எல்லைக்குள் உள்ள மனை, வீடு பற்றிய உயில்களுக்கும் மட்டுமே கட்டாயம் இருந்தது. தஞ்சாவூரில் எழுதி, தஞ்சாவூர் நிலத்தைக் கொடுத்த உயிலுக்கு அது ஒருபோதும் தேவைப்பட்டதில்லை. இஸ்லாமியர்களுக்கு இந்தக் கட்டாயம் இருந்ததே இல்லை. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002இல் விலக்கு வந்தது.

சென்னை எல்லைக்குள்கூட, புரோபேட் இல்லை என்பதற்காக உயில் குப்பைக் காகிதம் ஆகிவிடவில்லை. அதை வைத்து நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட முடியாமல் இருந்தது, அவ்வளவுதான். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 213ஆம் பிரிவையே நீக்கிவிட்டது. அதனால் அந்தத் தடையும் இப்போது இல்லை.

"கட்டாயம் போய்விட்டது, இனி நிரூபிக்க வேண்டியதில்லை"

இன்று அதிகமாகக் காதில் விழுவது இதுதான். என்னை மிகவும் கவலைப்பட வைப்பதும் இதுதான். எடுக்கப்பட்டது புரோபேட் என்ற கட்டாயம் மட்டுமே. உயிலை மெய்ப்பிக்கும் பொறுப்பு, அதைக் காட்டிச் சொத்து கேட்பவர் தலையில் அப்படியே இருக்கிறது. எழுதியவர் கையெழுத்தோ கைரேகையோ வைத்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் சான்றொப்பம் இட்டிருக்க வேண்டும் என்கிறது 63ஆம் பிரிவு. தகராறு வந்தால் அந்தச் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். இருவருமே இறந்துபோயிருந்தால் சாட்சி ஒருவரின் கையெழுத்தையும் உயில் எழுதியவரின் கையெழுத்தையும் தெரிந்தவர்களைக் கொண்டு மெய்ப்பிக்கலாம். ஆனால் அது எவ்வளவு மெலிந்த ஆதாரம் என்பது வழக்கு நடத்தியவர்களுக்குத் தெரியும்.

வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1958இல் வகுத்த அளவுகோலை இன்றும் நீதிபதிகள் கையில் எடுக்கிறார்கள். சொத்து பெறுபவரே உயில் எழுத முன்னின்றாரா? மனைவியும் மகள்களும் காரணமே சொல்லாமல் ஒதுக்கப்பட்டிருக்கிறார்களா? கையெழுத்து தடுமாறுகிறதா? எழுதியபோது அவருக்கு நினைவு தெளிவாக இருந்ததா? இந்தச் சந்தேகங்களை நீக்க வேண்டியது உயிலைக் கொண்டுவந்தவர்தான்.

"ரிஜிஸ்டர் ஆயிடுச்சே!" என்பார்கள். உயிலைப் பதிவு செய்வதே கட்டாயமில்லை. பதிவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, எழுதியவர் இறந்த பிறகுகூட உயிலால் பயன்பெறுபவர் அதைப் பதிவுக்குக் கொண்டுவர அனுமதிக்கிறது. எனவே முத்திரையைப் பார்த்து மயங்காமல் பதிவு நாளையும், யார் தாக்கல் செய்தார்கள் என்பதையும் பாருங்கள்.

விருப்பப்பட்டால் இன்றும் புரோபேட் வாங்கலாம். குடும்பத்தில் சிறு முணுமுணுப்பு இருந்தால்கூட வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. சாதாரண உரிமையியல் வழக்கில் வரும் தீர்ப்பு அந்த வழக்கில் இருந்தவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். புரோபேட், உயில் உண்மையானது என்பதில் எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

"வில்லங்கத்தில் வரவில்லை, அப்படியானால் உயிலே இல்லை"

உயில்கள் பதிவாவது மூன்றாம் புத்தகத்தில். நிலப் பரிமாற்றங்களுக்கான முதல் புத்தகத்தைப் பார்த்துத் தரப்படும் வில்லங்கச் சான்றில் அவை வராது. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல் கிடைக்கும். அவர் இறந்த பிறகு, இறப்புச் சான்றுடன் விண்ணப்பிக்கும் எவரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம்.

"பட்டா என் பேரில், இருபது வருஷமாக உழுவதும் நான்தான்"

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அதனால் உரிமை பிறப்பதுமில்லை, போவதுமில்லை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. பன்னிரண்டு வருஷம் அனுபவித்தால் நிலம் சொந்தமாகிவிடும் என்ற கணக்கும் உடன்பிறந்தவர்களுக்கிடையே எளிதில் எடுபடாது. கூட்டுச் சொந்தக்காரர் ஒருவரின் அனுபவம் எல்லோருக்காகவுமானது என்றே சட்டம் கொள்ளும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்களுக்குத் தெரிய விலக்கி வைத்தால்தான் காலம் ஓடத் தொடங்கும். ஊரிலிருந்து நிலத்தைக் காப்பாற்றிய அண்ணனின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கான கணக்கைப் பாகப்பிரிவினையில் கேட்கலாம், தங்கையின் பங்கை விழுங்குவது அதற்கு வழியல்ல.

"உயில் நிரூபணமானால் நிலம் முழுக்க எனக்கு"

புரோபேட் தரும் நீதிமன்றம் உயில் உண்மையா என்று மட்டும் பார்க்கும். நிலம் எழுதியவருடையதுதானா என்று பார்க்காது. சுயசம்பாத்தியமாக இருந்தால் அவர் விரும்பியவருக்குக் கொடுக்கலாம். கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தாக இருந்தால் தம் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். அதில் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு என்பதை 2020இல் வினீதா சர்மா வழக்கு உறுதிசெய்தது. உயில் நிற்காமல் போனாலோ, உயிலே இல்லை என்றாலோ, இந்துத் தந்தையின் பங்கு அவருடைய மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும், தாயார் இருந்தால் அவருக்கும் சமமாகப் போகும். சீர் செய்தோம் என்பதைச் சொல்லி மகளின் பங்கைக் கழிக்க முடியாது.

சாட்சிகள் உயிரோடிருக்கும்போதே உயிலை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று அதை வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மறுபக்கம், "பட்டா மாத்தத்தான், சும்மா ஒரு கையெழுத்து" என்று நீட்டப்படும் காகிதம் விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். அது பதிவாகிவிட்டால் உங்கள் பங்கை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும். ஏமாற்றி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிக்க வேண்டிய பாரமும் உங்களுடையதாகிவிடும். கையெழுத்துக்கு முன் உயிலின் நகலையும் தாய்ப்பத்திரத்தையும் கேட்டு வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.