நதிகள் போடும் கோலம்

வடிகால் அமைப்பு என்றதும் நாம் பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறோம். படத்தைச் சற்று உற்று நோக்கினாலோ, பெயர்கள் தாமே மனத்தில் நிற்கும். நதியின் வழியைத் தீர்மானிப்பவை நிலத்தின் சரிவும் அடியிலுள்ள பாறையுமே.

மத்தியப் பிரதேசத்திலுள்ள அமர்கண்டக் உயர்ந்த மேட்டுநிலம். ஆகவே வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் அங்கிருந்து நதிகள் பல திசைகளில் பிரிகின்றன. இது ஆர வடிவம். அங்கே பிறக்கும் நர்மதை, விந்திய சாத்பூரா மலைகளுக்கிடையே பிளவுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 1,312 கிலோமீட்டர் மேற்கே ஓடி அரபிக்கடலை அடைகிறது. அருகிலேயே தோன்றும் சோன் நதியோ பாட்னாவுக்கருகில் கங்கையில் கலந்து வங்கக்கடலுக்குச் செல்கிறது. பக்கத்தில் பக்கத்தில் விழும் இரு மழைத்துளிகளுக்கு இரண்டு கடல்கள்! இதைவிட வியப்பு வேறென்ன வேண்டும்?

மடிப்பு மலைகளில் கடினப் பாறையும் மென்பாறையும் மாறி மாறி அமைவதால் துணையாறுகள் செங்கோணத்தில் வந்து சேரும். அது கொடிப்பந்தல் வடிவம்.

பாறை எங்கும் ஒரே தன்மையாயிருந்தால் மரக்கிளை வடிவம் உண்டாகும். படம் வரைகையில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறவை அதன் நுனியிலுள்ள சிறு கோடுகள். வயல்களிலும் ஏரிகளிலும் மிகும் மழைநீரைத் திரட்டி நதிக்குத் தருபவை அவைதாம். அவற்றின்மேல் மண் கொட்டி வீடு கட்டினாலும் தண்ணீர் பழைய வழியைத் தேடியே வரும். 2015 டிசம்பரில் ஏரிகளின் உபரிநீர் சேர்ந்து அடையாறு பெருகியபோது, சென்னையை அடுத்த முடிச்சூரில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது.